துருவுக்குள் உறங்கும் இயந்திரம்

கைவிடப்பட்ட பட்டறையொன்றின் மூலையில் நிற்கும் பழைய துளையிடும் இயந்திரத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் அதனை நிறையால் மதிப்பிடுவார். தராசில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு லொறியில் ஏற்றிச் செல்வார். அதே இயந்திரத்தின் முன் அனுபவமுள்ள பட்டறைக்காரர் ஒருவர் நின்றால், அவர் சுழல்தண்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். மேசையைத் தாங்கும் தூணைத் தட்டி ஒலியைக் கேட்பார். பக்கத்தில் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும் பெயர்த் தகட்டை விரலால் துடைத்து வாசிப்பார். பிறகு, "இது எழும்பும்" என்றோ "இனி எழும்பாது" என்றோ ஒரு சொல் சொல்வார். அநேகமாக முதலாவதைத்தான் சொல்வார்.

மோட்டார், பட்டி, கப்பி, சுழல்தண்டு, துளையலகைக் கவ்விப் பிடிக்கும் 'சக்', வேலைப் பொருளை வைக்கும் மேசை, இவை அனைத்தையும் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண். மேசைத் துளையிடும் இயந்திரம் என்பது இவ்வளவுதான். எமது பட்டறைகளில் 'டிறில் மிசின்' என்றே அழைப்பர். ஒரு நூற்றாண்டாக இதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஆகவேதான் ஐம்பது, அறுபது ஆண்டுகள் துருவேறிக் கிடந்த ஒன்றைக்கூட மீண்டும் ஓடவைக்க முடிகிறது. ஆனால் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காரணம் இரும்பில் இல்லை. மனிதர்கள் தமக்கிடையே செய்துகொண்ட உடன்பாடுகளில் இருக்கிறது. துருப்பிடித்த அவ்வியந்திரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அந்த வரலாறு தானாகவே வெளிவரும்.

துறப்பணத்திலிருந்து மின்மோட்டார் வரை

துளையிடுதல் மனித குலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. எமது தச்சர்கள் வில்லும் கயிறும் கொண்டு சுழற்றிய துறப்பணம், சக்கரம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே வழக்கிலிருந்த ஒரு கருவியின் வழித்தோன்றல். ஒரு கை வில்லை இழுக்க, மறு கை அழுத்த, கூர்முனை மரத்தினுள் இறங்கும். சுழற்சி, அழுத்தம் என்ற இவ்விரண்டும்தான் இன்றைய இயந்திரத்திலும் உள்ளன.

நீராவி யுகத்தில் இந்தச் சுழற்சி ஆலையின் கூரையிலிருந்து இறங்கியது. ஒரே நீராவி எஞ்சின் கூரையின் கீழ் நீண்டு ஓடும் தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் கீழிறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கும். எமது ஊர்களின் பழைய அரிசி ஆலைகளில் 'சடசட' என்ற ஓசையுடன் ஓடிய நீண்ட பட்டிகளைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. எஞ்சின் நின்றால் ஆலை முழுவதும் நின்றுவிடும்.

மின்மோட்டார் இந்தத் தளையை அறுத்தது. 1889 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஆதர் ஜேம்ஸ் ஆர்னொட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் ஆகிய இருவர் மின்னால் இயங்கும் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895 இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வில்ஹெல்ம் எமில் ஃபைன் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின்துளைகருவியைச் செய்தார். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 1910 இல் சிறிய பட்டறையாகத் தொடங்கிய பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் துளைகருவிக்குக் கொண்டுவந்து 1917 இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. இன்று உலகெங்கும் விற்கப்படும் கைத்துளைகருவிகளின் வடிவம் அங்கிருந்து வந்ததே. இதே காலப்பகுதியில் பட்டறை மேசையில் நிற்கும் துளையிடும் இயந்திரமும் தனக்கென ஒரு மோட்டாரைப் பெற்றது. பெரிய ஆலை இல்லாத சிற்றூர்ப் பட்டறைக்காரரும் இயந்திரம் வைத்துத் தொழில் செய்யலாம் என்ற நிலை இவ்வாறுதான் உருவானது.

துரு என்னும் பகை

இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடினால் துரு உண்டாகும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கடற்காற்று வீசும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், மட்டக்களப்பிலும், மன்னாரிலும் இரும்பு ஏன் நெடுநாள் தாங்குவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே நெருக்கமாகப் பொருத்தப்பட்ட இரண்டு உறுப்புகளுக்கிடையே துரு புகுந்தால் அது ஆப்பு இறுக்கியதுபோல் ஆகிவிடும். பழைய இயந்திரம் 'பிடித்துக் கொண்டது' என்று நாம் சொல்வது இதனைத்தான்.

இங்கே முதலாவது பாடம் பொறுமை. இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. காபன் செறிந்த அந்த இரும்பு அதிர்வைத் தாங்கும். ஆனால் சுத்தியலின் அடியைத் தாங்காது, வெடித்துவிடும். யாழ்ப்பாணத்தில் பட்டறை நடத்திய முதியவர் ஒருவர் தம்மிடம் தொழில் பழகிய இளைஞனிடம், "தம்பி, மிசினுக்கு அவசரமில்லை, எங்களுக்குத்தான் அவசரம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மண்ணெண்ணெயும் மெல்லிய ஒயிலும் கலந்து மூட்டுகளில் விட்டு, ஒரு நாள் அல்ல, ஒரு கிழமைகூடக் காத்திருக்க வேண்டும். பின்னர் வெளிப்புற உறுப்பை மெதுவாகச் சூடாக்கினால் அது சற்று விரியும். உள்ளே இருப்பது நெகிழும். ஆனால் மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டுவதற்கு முன் அதனை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும் என்பதை மறக்கலாகாது.

கழற்றிய உறுப்புகளின் துருவை நீக்கப் பல வழிகள் உள்ளன. எமது பாட்டிமார் புளி போட்டு வெண்கல விளக்கைத் துலக்கியது போன்றதே ஒரு வழி. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தைக் கரைக்கிறது. சிறிய இரும்பு உறுப்புகளுக்கு வினாகிரி அதே வேலையைச் செய்யும். கரும்புச் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகை ஒன்பது மடங்கு நீரில் கலந்து, உறுப்புகளை இரண்டு மூன்று கிழமை ஊறவிடுவது இன்னொரு வழி. அது துருவைத் தின்னும். இரும்பைப் பெரிதும் தொடாது.

பெரிய உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை பொருத்தமானது. பிளாஸ்டிக் தொட்டியொன்றில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, பற்றரி மின்னேற்றியின் மறைமுனையைத் துருவேறிய உறுப்பிலும், நேர்முனையைப் பயனற்ற இரும்புத் தகட்டிலும் இணைத்தால், சில மணித்தியாலங்களில் துரு தளர்ந்து உதிரும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நேர்முனையில் ஒருபோதும் துருப்பிடிக்காத உருக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்வைகள் நீரில் கலக்கும். மேலும் இச்செயற்பாட்டில் எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியிலேயே இதனைச் செய்ய வேண்டும். பழைய வர்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசாக்குவதும் ஆபத்து.

எந்த முறையும் துரு தின்ற இரும்பைத் திருப்பித் தராது. குழிகள் குழிகளாகவே இருக்கும். ஆனால் மேலும் துரு பிடிக்காமல் தடுக்கலாம். பொசுபோரிக்கமிலம் எஞ்சிய துருவை இரும்புப் பொசுபேற்றாக மாற்றி ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். தில்லியில் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூண் பெரிதாகத் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு, அதன் இரும்பில் பொசுபரசு மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் உருவான இத்தகைய காப்புப் படலமே காரணம் என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் தமது ஆய்வுகளில் காட்டினார்.

ஆணியும் சுரையும் சொல்லும் கதை

துரு நீங்கியதும் எழும் முதற் சிக்கல், போல்ட்டும் நட்டும். கையிலுள்ள ஸ்பனர் பொருந்தாது. 12 மில்லிமீற்றர் சிறிது, 13 பெரிது என்ற நிலை வரும். பழைய இங்கிலாந்து இயந்திரங்கள் மில்லிமீற்றரை அறியாதவை. இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறும் முன்னர் வந்திறங்கிய இயந்திரங்களில் பெரும்பாலானவை அங்குல அளவின.

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஒவ்வோர் ஆணியும் தனக்குரிய சுரைக்கு மட்டுமே பொருந்தியது. இயந்திரத்தைக் கழற்றினால், எந்த ஆணி எந்தச் சுரைக்கு உரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் புதிதாகக் கையால் செய்ய வேண்டும். இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி 1800ஆம் ஆண்டளவில் செம்மைப்படுத்திய புரிவெட்டும் கடைசல் இயந்திரம், ஒரே மாதிரியான புரிகளை மீண்டும் மீண்டும் வெட்ட வழி செய்தது. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் பாய்க்கப்பல்களின் கப்பிகளைச் செய்வதற்காக மார்க் இசம்பார்ட் புரூனெல் வடிவமைத்த இயந்திரங்களை 1802 இற்கும் 1806 இற்கும் இடையில் செய்து கொடுத்தவரும் இந்த மோட்ஸ்லியே. அவற்றுட் சில 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேலை செய்தன. ஒன்றரை நூற்றாண்டு உழைத்த அவ்வியந்திரங்களுட் சிலவற்றை இன்று இலண்டன் அறிவியல் நூதனசாலையில் காணலாம்.

மோட்ஸ்லியின் பட்டறையில் தொழில் பயின்றவர் ஜோசப் விட்வேர்த். இங்கிலாந்தின் பல பட்டறைகளில் பயன்பட்ட ஆணிகளைத் திரட்டி, அவற்றின் புரிகளை அளந்து, 1841 இல் அவர் ஒரு பொது அளவைப் பிரேரித்தார். புரியின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு தடிப்புக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி. பட்டறைகள் அதனை ஏற்றுக்கொண்டன. அன்றிலிருந்து மான்செஸ்ரரில் செய்த ஆணிக்குக் கொழும்பில் செய்த சுரை பொருந்தியது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 1864 இல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். அரை அங்குல ஆணியில் விட்வேர்த் முறைப்படி அங்குலத்துக்கு 12 புரி. அமெரிக்க முறைப்படி 13. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். பலவந்தமாகத் திருகினால் இரண்டும் கெடும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகள் தோளோடு தோள் நின்று போரிட்டன. அவற்றின் ஆணிகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்த இடர்ப்பாட்டின் விளைவாகவே 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுவான புரி அளவொன்றுக்கு உடன்பட்டன.

எனவே பழைய இயந்திரத்தைத் திருத்துபவர் வாங்க வேண்டிய முதற் கருவி புரி அளவி. பல்வரிசை கொண்ட சிறு தகடுகளின் தொகுதி அது. ஆணியின் புரியில் வைத்துப் பார்த்தால் அவ்வியந்திரம் எந்த நாட்டு மரபைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். பெயர்த் தகடு அழிந்துபோன இயந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ் அதன் புரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கவ்வியும் தாங்கியும்

அடுத்துக் கழல்வது 'சக்'. இன்று நாம் பல் கொண்ட சாவியால் திருகி இறுக்கும் மூன்று தாடைக் கவ்வி, ஆதர் இர்விங் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902 இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் ஸ்பனரால் இறுக்கும்போது அது வழுக்கித் தம் விரல் முட்டிகளைக் காயப்படுத்தியதால் சினங்கொண்டே அவர் இதனைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுகிறது. அக்கவ்வியில் பொருத்தும் முறுக்குத் துளையலகுக்கு 1863 இல் காப்புரிமை பெற்றவர் ஸ்டீபன் மோர்ஸ். கவ்வியைச் சுழல்தண்டில் பொருத்தும் கூம்பு வடிவ முனையும் அவர் பெயரையே தாங்கி 'மோர்ஸ் கூம்பு' எனப்படுகிறது. அதில் பெரும்பாலும் ஆணியும் இல்லை, பூட்டும் இல்லை. கூம்புக்குள் கூம்பு இறுகி உராய்வினால் நிற்கும். ஆகவே அக்குழியினுள் துருவோ தூசோ சிறிது இருந்தாலும் பிடி நில்லாது. மற்றெல்லா இடத்திலும் துருவின் வடுவைப் பொறுத்துக் கொள்ளலாம், இங்கே முடியாது.

சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் இரண்டு வகையின. மிகப் பழைய இயந்திரங்களில் வெள்ளீயம், அந்திமனி, செம்பு கலந்த மென்மையான உலோகப் படுக்கை இருக்கும். பொஸ்ரன் நகர ஐசாக் பாபிட் 1839 இல் கண்டறிந்த கலப்புலோகம் அது. தேய்ந்துவிட்டால் பழையதை உருக்கி எடுத்து, தண்டைச் சரியான இடத்தில் நிறுத்தி, புதிதாக ஊற்றலாம். கரண்டியும் அடுப்பும் போதும், தொழிற்சாலை வேண்டியதில்லை.

அதற்குப் பின் வந்தவை குண்டு பேரிங்குகள். 1883 இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் ஃபிஷர் உருக்குக் குண்டுகளை ஒரே அளவில், உருண்டையாக அரைக்கும் இயந்திரத்தைச் செய்ததன் பின்னரே இவை பெருகின. பழைய துளையிடும் இயந்திரத்தைத் திறந்து பேரிங்கின் விளிம்பைத் துடைத்தால் அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6203 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, அகலம் 12 என்பதே அதன் பொருள். அதே எண் எமது தோட்டத்து நீர்ப்பம்பியின் மோட்டாரிலும் இருக்கலாம். அந்த எண்ணைச் சொல்லி யாழ்ப்பாணக் கடையிலும் வாங்கலாம், சென்னையிலும் வாங்கலாம், ரொறன்ரோவிலும் வாங்கலாம். இயந்திரத்தைச் செய்த நிறுவனம் என்றோ மூடப்பட்டிருக்கும். அதைச் செய்தவர்கள் மறைந்திருப்பர். ஆனால் அந்த எண் உயிரோடிருக்கிறது.

மோட்டார்: அவசரப்படக் கூடாத இடம்

பலரும் செய்யும் தவறு, பழைய இயந்திரம் கையில் கிடைத்ததும் மின்னில் இணைத்து ஓடுகிறதா என்று பார்ப்பது. பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த மோட்டாரின் உள்ளே பருத்தி, கடதாசி, அரக்கு என்பவற்றாலான காப்பு உக்கிப் போயிருக்கலாம். வடத்தின் இறப்பர் தொட்டால் உதிரும். அந்நிலையில் இரும்பு உடலே மின்னேறி உயிரைக் கொள்ளக் கூடும்.

முதலில் வடத்தை மாற்ற வேண்டும். நிலத்தொடுப்புக் கம்பியை இயந்திரத்தின் உடலில் இணைக்க வேண்டும். பழையவற்றில் அது இல்லாமலே இருக்கும். மோட்டாரைத் திறந்து தூசு நீக்கி உலர்த்தி, காப்புத் தடையை 500 வோல்ட் 'மெகர்' கொண்டு அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாயின் ஓட்டலாகாது. தொடக்கக் கொள்ளளவி இருந்தால் அதனையும் மாற்றிவிடுவதே நன்று. கருவிகளும் அனுபவமும் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மின் தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் ஒப்படைப்பதில் தவறேதும் இல்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கு நிமிடத்துக்குச் சுமார் 1725 தடவை சுழலும் மோட்டார், மின்மாற்றி மூலம் வோல்ட்டைச் சரிசெய்தாலும் இங்கு 1425 அளவிலேயே சுழலும். அதிகம் சூடேறவும் கூடும். மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு இயந்திரத்தின் உடலை வைத்துக் கொள்வதே தக்கது. கப்பியும் பட்டியும் இருப்பதால் எந்த மோட்டாரையும் பொருத்தலாம். டென்வர் நகரின் ஜோன் கேற்ஸ் 1917 இல் உருவாக்கிய வெட்டுமுகம் சரிந்த இறப்பர்ப் பட்டி, பழைய தட்டைத் தோற்பட்டியின் இடத்தைப் பிடித்தது. அதுவும் இன்று அளவு சொன்னால் எங்கும் கிடைக்கும் பொருள்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. கவ்வியின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஆளியைப் போடக் கூடாது. சுழலும் அலகின் அருகில் கையுறை அணியக் கூடாது. அது கையைக் காக்காது, கையை உள்ளே இழுத்துவிடும்.

எமது மண்ணின் துரு

மேலை நாடுகளில் பழைய இயந்திரங்களை மீட்பது பெரும்பாலும் ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு. எமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் துருவுக்கு வேறு பொருள் உண்டு.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பட்டறைகளின் மோட்டார்கள் ஒரே காலத்தில் நின்றன. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும், பற்றரியும், சவர்க்காரமும்கூட அரிதாயின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும், பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களும் வீதிகளில் புகை கக்கிச் சென்றன. அச்சுத்தாள் இன்றிக் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் மண்ணெண்ணெயைச் சகித்தன, புதியவை சகிக்கவில்லை. நவீனமானது தோற்ற இடத்தில் பழையது நின்றது.

அந்நாட்களில் பட்டறைகளைக் காத்ததும் இதே பழைமைதான். பட்டியால் ஓடும் இயந்திரத்துக்குத் தன்னைச் சுழற்றுவது மின்மோட்டாரா, எண்ணெய் எஞ்சினா, மனிதக் கையா என்ற பேதம் தெரியாது. மின்சாரம் வருவதற்கு முந்திய நூற்றாண்டுக்கு அது தயக்கமின்றித் திரும்பிச் செல்லும்.

பின்னர் வந்தது 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். சைக்கிளில் ஏற்றக் கூடியதை ஏற்றினர். தலையில் சுமக்கக் கூடியதைச் சுமந்தனர். வார்ப்பிரும்பு இயந்திரத்தை எவரால் சுமக்க முடியும்? வலிகாமம் வடக்கிலோ 1990 இலேயே மக்கள் வெளியேறிவிட்டனர். அவர்களிற் பலர் தம் காணியை மீண்டும் காண இரண்டு தசாப்தங்களுக்கு மேல் காத்திருந்தனர். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990 இல் ஓய்ந்ததுதான். திரும்பிச் சென்றவர்களிற் பலர் கண்டது கூரையற்ற சுவர்களையும், சுவரின் நடுவே வளர்ந்த மரங்களையும். எங்கேனும் ஒரு பட்டறையில் இயந்திரம் எஞ்சியிருந்தால், அதன்மேல் படிந்திருந்தது சோம்பலின் துரு அன்று. உரியவர் இல்லாத ஆண்டுகளின் துரு அது.

அவ்வாறான இயந்திரத்தை மீண்டும் ஓடவைப்பது பொருளாதாரக் கணக்கில் சரிவராது என்று சிலர் வாதிடுவர். புதிய சீன இயந்திரம் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை உழைப்பு எதற்கு என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் இதில் மீட்கப்படுவது இயந்திரம் மட்டுமன்று. அதனைத் திருத்தத் தெரிந்த கைகளிற் பல இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வேறு தொழில்கள் செய்து முதுமையடைந்துவிட்டன. சில கைகள் இல்லாமலே போயின. பேரிங்கைச் சூடாக்கிப் பொருத்துவது எப்படி, ஒலியை வைத்துத் தேய்மானத்தை அறிவது எப்படி என்பன பாடப்புத்தகத்தில் முழுமையாக எழுத முடியாத அறிவு. பழைய இயந்திரமொன்றை முதியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து கழற்றும்போதுதான் அது கைமாறும்.

ஓடுவதா, மினுங்குவதா?

மீட்டல் என்பதற்கும் இரு பொருள் உண்டு. கண்டியை அடுத்த ஹந்தானையில், 1925 இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மலையகத்தின் பழைய உருட்டும் இயந்திரங்களும் எஞ்சின்களும் அங்கே துடைத்துத் துலக்கி வைக்கப்பட்டுள்ளன. அவை காக்கப்பட வேண்டியவையே. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு கடந்து சென்ற பாதையில் அவை சாட்சிகள். அதேவேளை, அவற்றின் சமகாலத்து இயந்திரங்கள் சில தோட்டங்களில் இன்றும் கொழுந்தை உருட்டுகின்றன. அவற்றில் புதிய பேரிங் இருக்கும், புதிய மோட்டார் இருக்கும், வர்ணம் பலமுறை மாறியிருக்கும். எது அசல் என்று கேட்டால், இரண்டும் அசலே. ஒன்று தோற்றத்தைக் காக்கிறது. மற்றது தொழிலைக் காக்கிறது. பட்டறை இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் இரண்டாவதன் பக்கமே நிற்பேன். துளையிடுவதற்காகச் செய்யப்பட்டது துளையிட வேண்டும். வடுக்களை மெழுகி மறைப்பதைவிட, தண்டு ஆட்டமின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

இனி வரும் காலத்துக்கு ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இன்று கடையில் வாங்கும் பற்றரித் துளைகருவியை 2080 இல் ஒருவர் துருவிலிருந்து எடுத்து ஓட்ட முடியுமா? அதன் பற்றரி அந்நிறுவனத்தின் கருவிக்கு மட்டுமே பொருந்துகிறது. அதன் மின்சுற்றுப் பலகையைச் செய்தவரைத் தவிர வேறெவரும் அறியார். விட்வேர்த்துக்கு முந்திய காலத்தின் ஆணியும் சுரையும்போல, ஒவ்வொன்றும் தனக்கு மட்டுமே பொருந்தும் நிலைக்கு நாம் மீண்டும் செல்கிறோமோ என்ற ஐயம் எழுகிறது. இதை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் சில வகைப் பொருட்களைத் திருத்தும் உரிமையை நுகர்வோருக்கு அளிக்கும் சட்டப் பணிப்புரையை நிறைவேற்றியது. அப்பட்டியலில் வீட்டுச் சலவை இயந்திரம் போன்றவை உள்ளன; பட்டறைத் துளைகருவி இல்லை. எனினும் திசை சரியானது.

உங்கள் தந்தையாரின் பட்டறையிலோ, மாமனாரின் கொட்டிலிலோ இவ்வாறான இயந்திரம் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரை அழைப்பதற்கு முன் பெயர்த் தகட்டை ஒருமுறை துடைத்து வாசியுங்கள். நிழற்படம் எடுங்கள். சுழல்தண்டில் சிறிது ஒயில் விட்டு ஒரு கிழமை பொறுத்து, கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால், அதனை ஓட்டியவர்களில் எவரேனும் உயிரோடிருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆணிக்கும் பேரிங்குக்கும் எண் இருக்கிறது. அவற்றை எப்போதும் வாங்கலாம். அந்த மனிதரிடம் கேட்கக் கிடைத்திருக்கும் காலந்தான் குறுகியது.